நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம், ஆறு குழாய்

கால அட்டவணையில் பாட்டு வகுப்பு இருக்கும். ஆண்டு விழா நெருங்கும்போதுதான் அதற்கு உயிர் வரும். நன்றாகப் பாடும் எட்டுப் பேரைப் பொறுக்கி எடுப்பார்கள், மீதி முப்பத்திரண்டு பேர் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். 2022-23 கல்வியாண்டில் கலைத் திருவிழா தொடங்கிய பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மேடை கிடைத்திருக்கிறது. அது நல்லதே. ஆனால் மேடைக்குப் பாட்டு ஏற்றுவதும் வகுப்பில் இசை கற்பிப்பதும் வேறு வேறு வேலைகள். முன்னதில் பாட்டு பிசகக்கூடாது. பின்னதில் எல்லாப் பிள்ளையும் ஏதாவது ஒரு ஒலியைத் தானே உண்டாக்கி, கேட்டு, மாற்றிப் பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் பதிவு மூன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை கையாளும் ஆசிரியர்களுக்கு. சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை. தாளம் தவறாமல் கை தட்ட வந்தால் போதும். பல பண்பாடுகளின் இசை என்றதும் ஆப்பிரிக்கா, ஜப்பான் என்று காணொளி தேட வேண்டாம். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து வகுப்பறையில் கவுண்டம்பாளையத்துப் பிள்ளைக்குப் பக்கத்திலேயே ஒடிசாவும் பீகாரும் உட்கார்ந்திருக்கின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் கொங்கில் பல தலைமுறையாக இருக்கிறார்கள். மேற்கே மலையடிவாரத்துப் பள்ளி என்றால் இருளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. முதலில் இவர்கள் கொண்டுவரும் பாட்டு வகுப்புக்குள் வரட்டும்.

சுருதியிலிருந்து தொடங்குவோம். பாதி வகுப்புகள் கெடுவது இங்கேதான். சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்று எண்ணால் சொல்வார்கள். ஆசிரியை 5 அல்லது 5½ கட்டையில் பாடிப் பழகியவராக இருப்பார். அதே சுருதியில் பிள்ளைகளும் பாடும்போது கீழ் ஷட்ஜம் (ச) அவர்கள் தொண்டையில் உறுமலாகத்தான் வரும். ஆண் ஆசிரியர் 1 கட்டையில் பாடினால் பிள்ளைகள் தாமாகவே ஒரு ஸ்தாயி (ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரை) மேலே எடுத்துக்கொள்வார்கள், சிக்கல் இல்லை. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வசதியான எல்லை 1 கட்டை ஷட்ஜத்திலிருந்து அதே ஸ்தாயியின் தைவதம் (த) வரை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே கைப்பேசித் தம்புரா செயலியில் 1 கட்டை வையுங்கள். ச-வுக்கும் த-வுக்கும் நடுவிலேயே ஓடுகிற பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். சினிமாப் பாட்டு வேண்டாம் என்பதற்கு நான் சொல்லும் காரணமும் இதுதான். அதன் தரம் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஒன்றரை ஸ்தாயி ஏறி இறங்கும் பாட்டைப் பிள்ளை கத்தித்தான் தொடமுடியும்.

'சத்தமாப் பாடு கண்ணு' என்று சொல்வதையும் நிறுத்துங்கள். சத்தம் கூடினால் சுருதி விலகும், பக்கத்துப் பிள்ளையின் குரலும் காதில் விழாது. சுருதி சேராத பிள்ளையை 'நீ சும்மா வாயசை' என்று ஓரங்கட்டும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்குக் காது கெட்டிருக்காது. பேசும் குரலிலேயே பாடப் பார்க்கும், மேல்குரல் எங்கே இருக்கிறதென்று தெரியாது. ஆம்புலன்ஸ் சைரன் போல 'ஊ' என்று கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், ஐந்தாறு முறை. பிறகு நன்றாகப் பாடும் இருவருக்கு நடுவே நிறுத்துங்கள். சில வாரங்களில் பலர் சேர்ந்துவிடுவார்கள்.

அடுத்தது தாளம். உட்கார வைத்து 'ஒண்ணு, ரெண்டு' எண்ண வைத்தால் ஐந்து நிமிடத்தில் சலித்துவிடும். எழுந்து நிற்கட்டும், இடது வலது என்று நின்ற இடத்திலேயே நடக்கட்டும். வேகம் நிமிடத்துக்கு 100 காலடி அளவில் இருக்கலாம். பெரியவர்கள் 'மெதுவாத் தொடங்கலாம்' என்று 60-இல் வைப்பார்கள். அவ்வளவு மெதுவான நடையைப் பிள்ளைகளால் பிடித்து வைக்க முடியாது, முந்திக்கொண்டு ஓடுவார்கள். அவர்களுடைய இயல்பான வேகமே நம்முடையதைவிடக் கூடுதல்.

கால் நடந்துகொண்டிருக்க, வாயில் சொற்கட்டு. மூன்றுக்குத் தகிட, நான்குக்குத் தகதிமி, ஐந்துக்குத் தகதகிட, ஏழுக்குத் தகிட தகதிமி, ஒன்பதுக்குத் தகதிமி தகதகிட. இதை நேராகச் சொல்லிக் கொடுப்பதைவிட ஊர்ப் பெயரில் ஏற்றினால் சீக்கிரம் பிடிபடும். 'பழனி' மூன்று எழுத்து, மூன்றும் ஒரு மாத்திரை, அதுவே தகிட. 'உடுமலை' தகதிமி. கடைசியில் இருக்கும் 'லை' ஐகாரக் குறுக்கமாகி ஒரு மாத்திரையாகவே ஒலிப்பதால் கணக்கு இடிக்காது (தமிழாசிரியர் இதைக் கேட்டால் மகிழ்ந்துபோவார்). 'ஒரு பழனி' ஐந்து. 'பழனி உடுமலை' ஏழு. 'உடுமலை ஒரு பழனி' ஒன்பது. ஒவ்வொரு தொகுப்பின் முதலெழுத்திலும் ஒரு கைதட்டு விழுந்தால் போதும், ஏழில் மிஸ்ர நடை வந்துவிட்டது.

நெடில் எழுத்துள்ள ஊர்களை முதலில் எடுக்காதீர்கள். 'பவானி'யில் மூன்றெழுத்துதான், ஆனால் 'வா' இரண்டு மாத்திரை, ஆக நான்காகிவிடும். பிள்ளைகள் அதை மூன்று தட்டில் திணிக்கப் பார்த்து உளறுவார்கள். குறில் ஊர்கள் பழகிய பிறகு பவானியைக் கொடுங்கள். 'ஏன் இது உடுமலையோட சேருது, பழனியோட சேரலை?' என்று கேட்டால் வகுப்பே மண்டையை உடைத்துக்கொள்ளும். பிறகு நான்கு நான்கு பேராகப் பிரித்து, தங்கள் ஊர், தெரு, தோட்டம், மாட்டின் பெயர் என்று தேடி ஏழுக்கும் ஐந்துக்கும் சொற்கட்டு அமைக்கச் சொல்லுங்கள். படைப்பு என்பது இங்கே தொடங்கிவிடுகிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டியதில்லை.

வேகம் ஓடினால் திட்ட வேண்டாம், கையைப் பாருங்கள். கையை அகல விரித்துத் தட்டும் பிள்ளைதான் முந்தும். உள்ளங்கையில் இரண்டு விரலால் மட்டும் தட்ட வையுங்கள், வாய்ச்சொல்லை முணுமுணுப்பாகக் குறையுங்கள். ஒலி குறைந்தால் ஒருவரை ஒருவர் கேட்பார்கள், வேகம் தானே கட்டுக்குள் வரும். 'மெதுவா, மெதுவா' என்று சொன்னால் நடை இன்னும் குலையும்.

இனி குழாய். பிள்ளைக்கு ஒரு கருவி வேண்டும், அது மலிவாக இருக்க வேண்டும், சுரம் சேர வேண்டும், கற்றுக்கொள்ள ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. இந்த நான்குக்கும் பொருந்துவது பி.வி.சி. குழாயும் பழைய ரப்பர் செருப்பும்தான். உள்விட்டம் 4 செ.மீ. அளவுள்ள குழாய், பிளம்பிங் கடையில் ஒன்றரை இஞ்ச் என்று கேட்டால் கிட்டத்தட்ட அதுதான் வரும். 3 மீட்டர் துண்டு ஒன்றில் ஆறு சுரம் கொண்ட ஒரு தொகுப்பு முழுதாக வெட்டலாம். 1 கட்டை ஷட்ஜத்துக்கு (ச) 64.3 செ.மீ., சதுச்ருதி ரிஷபத்துக்கு (ரி) 57, அந்தர காந்தாரத்துக்கு (க) 50.5, பஞ்சமத்துக்கு (ப) 42.1, சதுச்ருதி தைவதத்துக்கு (த) 37.3, மேல் ஷட்ஜத்துக்கு 31. எல்லாம் கூட்டினால் 282 செ.மீ. சொச்சம், மீதி வாள் தின்னும். இரு பக்கமும் திறந்த குழாயின் நீளம் ஏறத்தாழ அரை அலைநீளம், முனைகளுக்காக விட்டத்தில் பத்துக்கு ஆறு பங்கு கழிக்க வேண்டும் என்ற கணக்கில் வந்த அளவு இது. 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர் என்று எடுத்துக்கொண்டது. உங்கள் குழாயின் உள்விட்டம் மாறினால் அளவும் மில்லிமீட்டர்க் கணக்கில் மாறும். அதனால் ஒவ்வொன்றையும் அரை செ.மீ. கூட்டியே வெட்டி, அரத்தால் ராவி இறக்குங்கள்.

ராவ ராவச் சுரம் ஏறும், ஏறியதைத் திருப்ப முடியாது. சுருதி காட்டும் செயலியில் 262, 294, 330, 392, 440, 523 ஹெர்ட்ஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ராவுங்கள். ஒரே அடியில் செயலி எண் காட்டாது, ஒலி குறுகியது. அடுத்தடுத்து மூன்று நான்கு முறை தட்டுங்கள். அதிகம் வெட்டிவிட்டால் குழாயை எறிய வேண்டாம். பழைய எக்ஸ்ரே தாள் கீற்று ஒன்றை முனையில் சுற்றி அரை செ.மீ. வெளியே நீட்டி டேப் ஒட்டினால் சுரம் இறங்கிவிடும். வெட்டிய விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுங்கள், பிள்ளைகளின் விரல் கிழியும்.

செருப்பின் அடிப்பாகத்தால் குழாய் முனையை மூடுமாறு அறைந்து, உடனே எடுத்துவிட வேண்டும். 'பொத்' என்று அடித்து அங்கேயே அழுத்தி வைத்தால் அது ஒரு பக்கம் மூடிய குழாயாகி, ஒரு ஸ்தாயி கீழே மந்தமாக ஒலிக்கும். பிள்ளைகள் செய்யும் முதல் தவறு இதுதான், சொல்லிக் கொடுத்தால் உடனே திருந்திவிடும். இன்னொன்று, மார்கழிக் காலையில் இந்தக் குழாய்கள் ஆர்மோனியத்தோடு சேராமல் சற்றுக் கீழே நிற்கும். பத்து டிகிரி குறைந்தால் அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கும். ஆறும் சேர்ந்தே இறங்குவதால் தங்களுக்குள் சுருதி பிசகாது. ஆர்மோனியத்தைத்தான் ஓரம் வைக்க வேண்டும்.

ஆறு தொகுப்பு செய்தால் முப்பத்தாறு பிள்ளைகள் கையிலும் குழாய் இருக்கும். மீதி நான்கு பேரில் ஒருவர் கைகாட்டி நடத்துபவர், மூவருக்குக் கொட்டாங்குச்சியோ தகர டப்பாவோ. இந்தச் சுரங்கள் ச ரி க ப த, அதாவது மோகனம். முல்லைப்பண் என்று தமிழிசை ஆய்வாளர்கள் அடையாளம் காண்பதும், இந்துஸ்தானியில் பூப் என்பதும் இதே ஐந்துதான். சீன நாட்டுப்பாடலிலும் அசாமின் பிஹுப் பாட்டிலும் ஐந்து சுர மெட்டுகள் நிறைய. அரைச் சுர இடைவெளி இதில் இல்லாததால் எந்த இரண்டு சுரம் சேர்ந்து ஒலித்தாலும் காதை உறுத்தாது. ஜெர்மானிய இசையமைப்பாளர் கார்ல் ஓர்ஃப், குனில்டு கீட்மானோடு சேர்ந்து வகுத்த பள்ளி இசை முறையில் ஐந்து சுரத்திலிருந்து தொடங்குவது இந்தக் காரணத்தால்தான்.

பணி இப்படி. ஒரு குழுவில் ஆறு பேர். ச-வும் ப-வும் வைத்திருப்பவர்கள் மாறி மாறி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் தரை. மற்ற நால்வர் சேர்ந்து எட்டுத் தட்டில் ஒரு கேள்வி, எட்டுத் தட்டில் ஒரு பதில் அமைக்க வேண்டும். கேள்வி ச-வில் முடியக்கூடாது, பதில் ச-வில் முடிய வேண்டும். விதி இவ்வளவே. 'உங்களுக்குப் பிடித்தமாதிரி ஏதாவது வாசிங்க' என்று விட்டால் பிள்ளைகள் திகைத்து நிற்பார்கள், இல்லை மொத்தப் பேரும் சேர்ந்து அறைவார்கள். இரண்டு விதி கொடுத்தால் அதற்குள் நூறு வழி கண்டுபிடிப்பார்கள். குழாயைக் கொடுக்கும் முன் மெட்டை வாயால் பாடிக் காட்டச் சொல்லுங்கள். கருவி கைக்குப் போய்விட்டால் உங்கள் பேச்சு எதுவும் காதில் ஏறாது. 'கையைத் தூக்கினால் எல்லோரும் குழாயை மடியில் வைக்க வேண்டும்' என்பதை முதல் நாளே இரண்டு மூன்று முறை விளையாட்டாகப் பழக்குங்கள். இது இல்லாமல் குழாய் வகுப்பு நடத்தினால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் தலைமையாசிரியர் அறைக்குப் போய்விடுவார்.

நாற்பது நிமிடத்தில் நடை பழக ஐந்து, புதிதாக ஒன்று கற்க பத்து, குழுவாக அமைக்கப் பதினைந்து. மீதிப் பத்தில் ஒவ்வொரு குழுவும் வாசிக்க, மற்றவர்கள் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும்: 'பதில் எங்கே தொடங்கிச்சு?' நல்லாயிருந்துச்சா என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லாயிருந்துச்சு என்றுதான் சொல்வார்கள்.

கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சுரம் சேர்ப்பதும் பல பள்ளிகளில் நடக்கிறது. குழப்பம் வருவது இங்கே. குச்சியால் தட்டினால் தண்ணீர் கூடக் கூடச் சுரம் இறங்கும், கண்ணாடியோடு தண்ணீரும் சேர்ந்து அதிர வேண்டியிருப்பதால். வாயால் ஊதினால் தண்ணீர் கூடக் கூடச் சுரம் ஏறும், உள்ளே அதிரும் காற்றின் இடம் குறைவதால். இரண்டையும் ஒரே பாட்டிலில் செய்துகாட்டி, 'ஏன் தலைகீழா வருது?' என்று விட்டுவிடுங்கள், அறிவியல் வகுப்பும் சேர்ந்து நடக்கும். பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கிப் பீப்பி ஊதத் தெரியாத கிராமத்துப் பிள்ளை இருக்காது. நசுங்கிய முனையில் இரண்டு இலை மடிப்பும் ஒன்றையொன்று உரசி அதிர்வதுதான் நாதஸ்வரச் சீவாளியிலும் நடக்கிறது. சுருளை நீட்டினால், குறுக்கினால் என்ன ஆகிறது என்று குழாயோடு ஒப்பிட வைக்கலாம். சோமனூர், பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளிடம் விசைத்தறிச் சத்தத்தைச் சொற்கட்டாக்கச் சொன்னால் ஆசிரியருக்குத்தான் பாடம். ஒரு தறி ஓடுவதும், நான்கு தறி சற்று முன்பின்னாக ஓடும்போது நடை பின்னிக்கொள்வதும் அவர்கள் தூக்கத்திலும் கேட்பது. நான்கு குழு, ஒரே சொற்கட்டு, ஒரு தட்டு தள்ளித் தள்ளித் தொடங்கட்டும்.

இப்போது பாட்டு சேகரிப்பு. ஜார்க்கண்டிலிருந்து வந்த பிள்ளையைத் திடீரென எழுப்பி 'உங்க ஊருப் பாட்டு ஒண்ணு பாடு' என்றால் அது தலை குனிந்து நிற்கும், அல்லது ஏதோ இந்தி சினிமாப் பாட்டைப் பாடிவிட்டு உட்காரும். திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு 'உங்க ஊர்' என்பதே புரியாது. எல்லோருக்கும் ஒரே வீட்டுப்பாடமாகக் கொடுங்கள்: வீட்டில் யாராவது தாலாட்டோ, எண்ணிக்கைப் பாட்டோ, மாட்டைக் கூப்பிடும் ஒலியோ, விளையாட்டுப் பாட்டோ சொல்லித் தரவேண்டும், அதை வாட்ஸாப்பில் பதிவாக அனுப்ப வேண்டும். கொங்குப் பிள்ளை அம்மாயியிடமும் அப்பத்தாவிடமும் கேட்கட்டும். நோம்பிக்குப் பாடிய கும்மி, பூப்பறிக்கும் நோம்பிப் பாட்டு, மாரியம்மன் கோயில் கம்பத்தைச் சுற்றி ஆடும்போது பாடுவது என்று வரும். ஒப்பாரி வந்தால் வீட்டில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பிள்ளை வாயில் அது வரக்கூடாது என்று நினைக்கும் வீடுகள் உண்டு.

வந்த பாட்டை வகுப்பில் மூன்று முறை ஒலிக்கவிடுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வேலை. முதல் முறை காலடி எங்கே விழுகிறது என்று தொடையில் தட்டுவது. இரண்டாம் முறை திரும்பத் திரும்ப வரும் சொல் எது என்று பிடிப்பது. மூன்றாம் முறை வாயை மூடி முனகுவது. அதற்குப் பிறகே சொற்கள். தமிழ் எழுத்தில் கரும்பலகையில் எழுதினால் ககரத்திலும் பகரத்திலும் ஒலி வேறுபாடு விழுந்துபோகும். எழுதுங்கள், ஆனால் உச்சரிப்புக்கு அந்தப் பிள்ளைதான் வாத்தியார். மூன்றாம் பெஞ்சில் பேசாமல் இருந்த பிள்ளை நாற்பது பேரைத் திருத்தும் இடம் வகுப்பில் வேறெங்கும் கிடைக்காது. பொருளைத் தாயிடமோ தந்தையிடமோ கேட்டு உறுதி செய்யாமல் மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம். போஜ்புரியில் பிள்ளை பிறந்தால் பாடும் சோஹர், மழைக்காலத்துக் கஜ்ரீ என்று நல்ல பாட்டுகள் இருக்கின்றன, இரட்டை அர்த்தப் பாட்டுகளும் ஏராளம். தெய்வப் பாட்டு வந்தால், சொல் பாட விரும்பாத பிள்ளை தாளக்கட்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். யாரையும் கட்டாயப்படுத்த இது பூசையல்ல.

பாட்டைக் கற்றதோடு நிறுத்தினால் அது இன்னொரு மனப்பாடமாகிவிடும். மேற்கு ஒடிசாவின் டல்காய் ஆட்டப்பாட்டு வந்தால் அதன் தாள அடியை எடுத்து நம் கும்மியின் நடைக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கே ஒத்துப்போகிறது, எங்கே இடறுகிறது? பிஹுவில் டோகா என்று ஒரு மூங்கில் கட்டை உண்டு, அதை நம் பிள்ளைகள் எளிதாகச் செய்யலாம். முக்கால் முழ நீளத்தில், ஒரு முனையில் கணு இருக்குமாறு மூங்கில் துண்டு, மறுமுனையிலிருந்து கணு வரை நடுவே பிளவு. கணுப்பக்கம் பிடித்து உள்ளங்கையில் தட்டினால் இரு பாதியும் மோதி 'டக்' என்று ஒலிக்கும். பச்சை மூங்கில் மந்தமாக ஒலிக்கும், காய்ந்ததே வேண்டும். கணுவுக்குக் கீழே துணி டேப் இறுகச் சுற்றாவிட்டால் பிளவு கணுவைத் தாண்டிப் போய்விடும். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். மூங்கில் சிம்பு கத்திக்குச் சளைத்ததல்ல.

கும்மி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொங்கில் வள்ளி கும்மிப் பயிற்சி இப்போது ஊருக்கு ஊர் நடக்கிறது. ஆண்கள் மட்டும் ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பகுதியின் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிகளில் பெரும்பாலும் ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டு அடவு மட்டும் பழக்குகிறார்கள். பாட்டுக் கட்டும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டால்தான் கும்மியின் முழுப் பயனும் கிடைக்கும். அதன் அமைப்பு மும்மை நடை, ஓரடிக்கு எட்டுச் சீர், எட்டாவது சீர் ஓரசையாக நின்று மூச்சு வாங்க இடம் விடும். முதற்சீரின் முதலெழுத்துக்கு ஐந்தாம் சீரில் மோனை வந்தால் காதுக்கு இனிக்கும். 'பள்ளிக்கூ டம்விட்டுப் பையெடுத் துக்கொண்டு பஸ்ஸுக்கு நிக்கிற பொண்ணுக ளே' என்று ஓர் அடியைப் பலகையில் எழுதி, தட்டிக்கொண்டே சொல்ல வையுங்கள். அடுத்த அடியை அவர்கள் கட்டட்டும். எழுதிக் காட்டச் சொல்லாதீர்கள். தட்டிக்கொண்டே வாயால் கட்டினால் சீர் தானே விழும். தாளில் எழுதினால் உரைநடை வந்து உட்கார்ந்துவிடும். ஒடியா பேசும் பிள்ளை தன் மொழியில் ஓரடி கட்டினாலும் இந்த நடையில் நிற்கும், நிற்காவிட்டால் எங்கே இடிக்கிறது என்று எல்லோரும் சேர்ந்து தேடலாம்.

கலைஞர்களை அழைப்பது அடுத்த கட்டம். பறை, துடும்பு, உருமி, பம்பை, பெருஞ்சலங்கை, அண்ணன்மார் கதை சொல்லும் உடுக்கடிப்பாட்டு என்று நம் பக்கத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை. கம்பளத்தார் ஊரென்றால் தேவதுந்துபி மேளத்தோடு தேவராட்டம். இருளர் ஊரென்றால் பொறை என்னும் மேளமும் கொகால் என்னும் குழலும். ஈரோடு, கரூர், சேலம் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் மலுமிச்சம்பட்டி அரசு இசைக்கல்லூரியும் நாதஸ்வரம், தவில் கலைஞர்களைத் தேட நல்ல இடம். ஒரு நாள் வந்து வாசித்துக் காட்டிப் போவதில் பலன் குறைவு. இடைவெளி விட்டு மூன்று வகுப்புக்குக் கேளுங்கள், மற்றப் பயிற்றுநர்களுக்குக் கொடுக்கும் அதே தொகையைக் கொடுங்கள். அவர்கள் எண்ணிக்கை சொல்லிக் கற்றவர்கள் அல்லர், பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். 'மெதுவா அடிச்சுக் காட்டுங்கண்ணா' என்றால் அடி மாறிவிடும். முழு வேகத்தில் அடிக்கச் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, பாதி வேகத்தில் ஓடவிட்டு நீங்கள் சொற்கட்டாக எழுதிக்கொள்ளுங்கள்.

பறை வகுப்புக்கு எதிர்ப்பு வரும். 'எம் பையன் எதுக்குங்க தப்பட்டை அடிக்கோணும்?' என்று ஒரு பெற்றோராவது வருவார். அந்தக் கேள்விக்குள் இருக்கும் சாதியை மழுப்ப வேண்டாம். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ வந்தது என்று சொல்வது வாய்ப்பேச்சுக்கு உதவும். ஆனால் வேலை செய்வது வகுப்பின் ஏற்பாடுதான். கலைஞருக்கு ஆசிரியர் நாற்காலி, ஆசிரியர் குடிக்கும் டம்ளரில் டீ, பிள்ளைகள் வாயில் 'சார்' அல்லது 'மேடம்'. எந்தக் கருவி யார் கைக்கு என்பது சீட்டுக் குலுக்கி. குலுக்காமல் விட்டால் பறை சில பிள்ளைகளிடமே போய்ச் சேரும், மேளம் பையன்களுக்கும் கும்மி பெண்பிள்ளைகளுக்கும் என்று பிரிந்துவிடும்.

கருவி வாங்குவதாக இருந்தால் பள்ளிக்கு ஃபைபர் முகப்புப் பறையே சரி. தோல் பறையின் நாதம் அதில் வராது என்பது உண்மை. ஆனால் தோலுக்கு வாசிக்கும் முன் தீயில் காட்ட வேண்டும், மழை ஈரத்தில் தொய்ந்து போகும், வகுப்புக்கு வகுப்பு நெருப்பு மூட்ட முடியாது. கலைஞர் வரும் நாளில் அவருடைய தோல் பறையைக் கேட்டு வேறுபாட்டைப் பிள்ளைகளே சொல்லட்டும். இரண்டு குச்சியில் அடிக்குச்சி குட்டை, தடிமன். சிண்டுக்குச்சி நீளமான மூங்கில் சிம்பு. பிள்ளைகள் சிண்டுக்குச்சியை முஷ்டியில் இறுக்குவார்கள், விரலிடையில் தளர்வாக நின்றால்தான் துள்ளும். துடும்பும் பறையும் வேப்ப மரத்தடியில்தான், தகரக் கூரைக்குக் கீழே வேண்டவே வேண்டாம். பத்து நிமிடம் அடித்தால் பத்து நிமிடம் ஓய்வு. காது கூசும் பிள்ளை தூரத்தில் நின்று நடை போடலாம்.

மதிப்பெண் போடாதீர்கள். மாதம் ஒருமுறை குழு வாசிப்பை ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்து, ஆண்டு இறுதியில் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் அடுத்தடுத்துப் போடுங்கள். வகுப்புக்கு நேரமே இல்லை என்னும் பள்ளிகளில் வார இறுதிக்கு ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, 5 முதல் 16 வயது வரை சேரலாம், ஆனால் எல்லா ஊருக்கும் எட்டாது.

பராமரிப்பு சொற்பம். குழாய்களைத் தொகுப்பு வாரியாகக் கயிற்றால் கட்டி, முனையில் ச, ரி என்று பெயிண்டால் எழுதுங்கள். ஸ்கெட்ச் பேனா எழுத்து கைவியர்வையில் அழிந்துபோகும். வெயிலில் சாய்த்து வைத்தால் வளையும், படுக்க வையுங்கள். செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்தே உள்ளே எடுங்கள். தாய்மார் அனுப்பிய பாட்டுப் பதிவுகளுக்குக் கோப்புப் பெயரிலேயே மொழி, பாடியவர், அவர் அதைக் கற்ற ஊர் மூன்றையும் குறித்துவிடுங்கள், அடுத்த ஆண்டு வரும் ஆசிரியருக்கு அப்போதுதான் பயன்படும். பெற்றோர் குழுவிலோ யூடியூபிலோ அவற்றைப் போடும் முன் பாடியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.